சர்வர் அண்ணன் கொடுத்த ஒப்புகைச் சீட்டு

— அதனால பதறாதீங்க இன்ஜினியரம்மா. மணி நாலு இருபதுதான் ஆகுது. அஞ்சு மணிக்குத்தான் கதவைச் சாத்துவான். நாப்பது நிமிஷத்துல இந்த நெட் சென்டர்ல இருந்தே நான் ஒரு குடும்பத்தையே அரசாங்க வேலைக்கு அனுப்பியிருக்கேன், மாமியார் உட்பட. ஒரு சொல் கூட்டிச் சொல்லலை.

— அண்ணே, கதை அப்புறம். முதல்ல கம்ப்யூட்டர்ல விண்ணப்பப் பக்கத்தைத் திறங்க.

— திறந்துட்டேன். சுத்துது பாருங்க. சர்வர் மூச்சு வாங்குறான். கடைசி நாள்ல ஊர்ல இருக்கிற இன்ஜினியர் அத்தனை பேரும் அவன் முதுகுல ஏறி உக்காந்தா அவன் என்ன செய்வான்? போன வாரமே வந்திருந்தீங்கன்னா இந்நேரம் வீட்ல காலை நீட்டி உக்காந்திருக்கலாம்.

— அனுபவச் சான்றிதழ்ல கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டதே இன்னைக்கு மூணு மணிக்குத்தான். இருபது நாளா அந்த ஆள் பின்னாடி அலைஞ்சேன். மத்தியானம் தண்ணித் தொட்டி மேல நின்னுட்டிருந்தார். அறுபது அடி ஏணி ஏறி, அவர் முதுகுல பேப்பரை வெச்சு வாங்கிட்டு வந்தேன்.

— முதுகுல வெச்சு அவரே எப்படிக் கையெழுத்துப் போட்டாரு?

— மேஸ்திரி முதுகு.

— அப்படிச் சொல்லுங்க. நான் ஒரு நிமிஷம் அவரைச் சாதாரண ஆள் இல்லைன்னு நினைச்சுட்டேன். சரி, போட்டோ குடுங்க. அம்பது கேபிக்குள்ள சுருக்கணும். இதுல ஜாக்கிரதையா இருக்கணும் பாருங்க. ஒருத்தனுக்கு அவசரத்துல இருபது கேபிக்குச் சுருக்கிட்டேன். மறுநாள் எடை பாத்தா ஆள் நாலு கிலோ குறைஞ்சிருந்தான்.

— அண்ணே, அடுத்த மாசம் ஒன்பதாம் தேதியோட எனக்கு வயசு வரம்பு முடியுது. இந்தப் பரீட்சை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருது. இன்னைக்குப் போகலைன்னா இனிமே எனக்கு இது கிடையாது. சிரிக்கிற நிலைமையில நான் இல்லை.

— நான் மட்டும் சிரிச்சேனா? இந்த மூஞ்சியில சிரிப்பு தெரியுதா? உக்காருங்க. நீங்களே சிஸ்டத்துக்கு முன்னாடி உக்காருங்க. உங்க பதிவு எண்ணை அடிங்க. ம். கடவுச்சொல்லும் அடிச்சாச்சா? என்ன சொல்றான்?

— ரகசிய எண் அனுப்பியிருக்கானாம். அரை மணி நேரம் செல்லுமாம்.

— அப்புறம் என்ன, போனைப் பாருங்க.

— என் போனுக்கு இல்லை. கடைசி ரெண்டு இலக்கம் ஆறு, மூணுன்னு காட்டுது.

— ஆறு, மூணா?

— ஆறு வருஷத்துக்கு முன்னாடி இதே நாற்காலியில உக்காந்து பதிவு பண்ணினோமே, அன்னைக்கு என் போன் சைட்ல கலவைக்குள்ள விழுந்திருந்துச்சு. 'அதுக்கென்ன, எங்க வீட்டு நம்பரைப் போடுறேன், எங்கேயும் போகாது'ன்னு சொன்னீங்க.

— சொன்னேன். அப்போ அது வீட்ல இருந்துச்சு.

— இப்போ?

— இப்போ அது அவ அக்கா வீட்ல இருக்கு.

— யாரோட அக்கா?

— என் வீட்டுக்காரியோட அக்கா. அது அவளோட நம்பர் இன்ஜினியரம்மா. நம்பரும் அவளும் சேர்ந்துதான் போனாங்க.

— அப்போ போன் போட்டுக் கேளுங்க.

— நம்பரையே மாத்திட்டா என்ன? இதோ பாருங்க, 'கைபேசி எண்ணை மாற்ற'ன்னு ஒரு பட்டன் இருக்கு.

— அமுக்கிப் பாத்துட்டேன். அதுக்கும் பழைய நம்பருக்குத்தான் ரகசிய எண் போகுமாம்.

— பூட்டுக்குள்ள சாவியை வெச்சுப் பூட்டுறதுக்கு இவனுங்களுக்குச் சம்பளம்.

— அண்ணே, போனைப் போடுங்க. நாலு இருபத்தஞ்சு.

— நிதானம், நிதானம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவ என்கிட்ட பேசி ரெண்டு வருஷம் ஆச்சு.

— தினமும் வீடியோல பேசுறேன்னு சொல்லுவீங்களே.

— நான் பேசுவேன். அவ எடுக்க மாட்டா.

— அக்கா வீட்ல தையல் கடை ஆரம்பிச்சு, முந்நூறு பேரை வேலைக்கு வெச்சிருக்காங்கன்னு தெருவெல்லாம் சொன்னீங்க.

— தையல் மெஷின் ஒண்ணு இருக்கிறது உண்மை. மீதியை நான் கொஞ்சம் வளர்த்துட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பையை எடுத்தா. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கிடையாது. உங்க பரீட்சை நடந்த அன்னைக்குத்தான். எல்லா பஸ்லயும் பரீட்சை எழுதின கூட்டம். அந்தக் கூட்டத்துல ஏறிப் போயிட்டா.

— ஏன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?

— சாம்பார்ல உப்பு அதிகம்னு அன்னைக்குக் காலையில சொன்னேன். அதுவான்னு ரெண்டு வருஷமா யோசிச்சுட்டிருக்கேன்.

— போடுங்க அண்ணே.

— போடுறேன். சிக்னல் அந்தச் சன்னல்கிட்ட மட்டும்தான் வரும். ஸ்பீக்கர்லதான் பேசணும், காதுல வெச்சா கேக்காது, அது போய் ஆறு மாசம் ஆச்சு. நீங்க சிஸ்டத்தை விட்டு எழுந்திரிக்காதீங்க. நான் இங்கிருந்து எண்ணைச் சொன்னதும் அடிச்சுடுங்க.

— எழுந்திரிக்க மாட்டேன். நீங்க தெருவைப் பாத்தே பேசுங்க, அப்பதான் சிக்னல் நிக்கும்.

— அடிக்குது. எடுக்க மாட்டா பாருங்க. நான் என் வீட்டுக்காரியை முப்பது வருஷமா அறிவேன், அவ ஒருநாளும்…

— ஹலோ.

— நான்தான்.

— எந்த நான்தான்?

— இதென்ன கேள்வி. உன் வீட்டுக்காரன்.

— அப்படிச் சொல்லிக்கிட்டு நிறைய பேர் பேசுவாங்கன்னு என் வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்திருக்காரு.

— இந்தா பாரு, அதுக்கெல்லாம் நேரமில்லை. உன் போனுக்கு ஒரு ரகசிய எண் வந்திருக்கும். ஆறு இலக்கம். அதைச் சட்டுனு சொல்லு.

— வந்திருக்கு.

— சொல்லு.

— ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதேன்னு ஒரு மாசம் சோறு போடும்போதெல்லாம் சொன்னது யாரு?

— நான்தான்.

— 'பேங்க்ல இருந்து கேட்டாலும் சொல்லாதே, போலீஸ் கேட்டாலும் சொல்லாதே, நானே கேட்டாலும் சொல்லாதே'ன்னு?

— அதுவும் நான்தான். அது வேற. ஒருத்தர் தூக்கத்துல ரகசிய எண்ணை உளறிட்டாரு, முழிச்சுப் பாத்தா வீடு கைமாறி, பக்கத்துல புது வீட்டுக்காரர் படுத்திருக்காருன்னு சொன்னேனே, அந்த மாதிரி ஆளுங்களுக்காகச் சொன்னது. இங்க ஒரு பொண்ணோட வாழ்க்கை தொங்கிட்டிருக்கு.

— அன்னைக்கு என்னென்ன தொங்குச்சோ. சரி, நீங்கதானான்னு நான் எப்படி நம்புறது? ஒரு கேள்வி கேக்கிறேன். நம்ம கல்யாணத்தன்னைக்கு மழையா, வெயிலா?

— மழையா? இடுப்பளவு வெள்ளம். மாலையைத் தலையில கட்டிக்கிட்டு நீந்தித்தான் வந்தேன். மேளக்காரங்க படகுல வந்தாங்க. ஒரு சொல் கூட்டிச் சொல்லலை.

— சுட்டெரிக்கிற வெயில். சரி, அவரேதான்.

— அப்பாடா. எண்ணைச் சொல்லு.

— அண்ணே, நாலு இருபத்தெட்டு.

— கேட்டியா? அந்தப் பொண்ணுதான். தண்ணித் தொட்டி கட்டுற இன்ஜினியர். இன்னைக்கு விட்டா வயசு முடிஞ்சுடும். அங்க என்ன சத்தம் இன்ஜினியரம்மா? டிங்குன்னுச்சே.

— என் போன் அண்ணே. சைட்ல கான்க்ரீட் வண்டி வந்துடுச்சாம்.

— அதை அணைச்சு வைங்க. இங்க என் கான்க்ரீட்டே இறுகிட்டிருக்கு. நீ சொல்லும்மா.

— சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லணும்.

— என்ன வேணா சொல்றேன். தப்பெல்லாம் என் மேலதான். சாம்பார் நல்லாத்தான் இருந்துச்சு.

— சாம்பாரை விடுங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே பரீட்சைக்கு, அந்தப் பொண்ணோட விண்ணப்பத்துக்கு என்ன ஆச்சு? அதை அந்தப் பொண்ணு காதுல விழுற மாதிரி சொல்லுங்க. சொன்னதும் எண் வரும்.

— அது… அது சர்வர் விவகாரம். அதான் அப்பவே அவங்ககிட்ட சொல்லிட்டேனே.

— நான் கேக்கலை. திரும்பச் சொல்லுங்க.

— தலைமை அலுவலகத்துல சர்வர் அறைக்குள்ள ஒரு பல்லி விழுந்துச்சு. பெரிய பல்லி. அது விழுந்த வேகத்துல பதினோராயிரம் பேரோட பிறந்த தேதி ஒண்ணாயிடுச்சு. இப்பவும் அந்த ஆபீஸ்ல வருஷத்துக்கு ஒருநாள் பதினோராயிரம் மெழுகுவத்தி… என்ன சத்தம் அது?

— மெஷினை ஓட்டுறேன். பாவாடை ஓரம் பாக்கி இருக்கு. நீங்க உண்மையைச் சொல்லும்போது நிறுத்துறேன்.

— அண்ணே, நாலு முப்பத்திரெண்டு.

— மெஷினை நிறுத்து. அவங்க முன்னாடி இதெல்லாம் வேண்டாம். ராத்திரி உனக்குத் தனியா போன் பண்ணி எல்லாத்தையும் சொல்றேன். சத்தியமா.

— ராத்திரி வரைக்கும் அந்த எண் உயிரோட இருக்குமா?

— உனக்கு அவங்க மேல என்ன கோபம்? முன்னப்பின்ன பாத்திருக்கியா?

— எனக்குக் கோபம் அவங்க மேல இல்லையே.

— இன்ஜினியரம்மா, நீங்களாவது சொல்லுங்க. எண்ணைக் குடுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பொம்பளைக்குப் பொம்பளை இரங்குவா.

— நான் என்ன அண்ணே சொல்றது? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என்ன ஆச்சுன்னு எனக்கும் தெரிஞ்சா நல்லதுதான்.

— நீங்களுமா? சரி, அங்க யாரு பிரிண்ட் எடுக்கிறது? மெஷின் கரகரன்னுதே.

— மார்க் ஷீட் நகல் அண்ணே. ஒண்ணு கூட இருக்கட்டும்னு.

— எண் வரட்டும், அப்புறம் நகல் எடுக்கலாம். மையும் கொஞ்சம்தான் இருக்கு அதுல. ஏம்மா, கேக்குதா? இந்தப் பொண்ணு எட்டு வருஷமா வெயில்ல நின்னு தொட்டி கட்டுது. தினக்கூலி மாதிரி ஒரு கான்ட்ராக்ட் வேலை. எப்ப வேணா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதோட அப்பா கீழ விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கிடக்காரு. அரசாங்க வேலை கிடைச்சா நிமிர்ந்துடும். இதுல ஒரு சொல் கூட்டிச்…

— இதுல நீங்க கூட்டலை. எனக்குத் தெரியும்.

— தெரியுமா? எப்படித் தெரியும்?

— நாலு நாப்பது அண்ணே.

— சரி. சொல்றேன். மெஷினை நிறுத்து. இன்ஜினியரம்மா, நீங்க அந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருங்க. நான் சன்னலைப் பாத்துக்கிட்டுச் சொல்றேன். மூஞ்சியைப் பாத்தா வராது.

— பாக்கலை. சொல்லுங்க.

— அன்னைக்கும் இதே மாதிரி கடைசி நாள். காலையிலேயே எல்லாக் காகிதத்தையும் என்கிட்ட குடுத்துட்டு, 'சைட்ல கான்க்ரீட் போடுறாங்க, நான் இல்லைன்னா கெட்டுடும், நீங்க முடிச்சுடுங்க அண்ணே'ன்னுட்டுப் போனீங்க. நானும் எல்லாத்தையும் ஏத்திட்டேன். கடைசி பட்டன் மட்டும் பாக்கி. சர்வர் அன்னைக்கு நல்லாத்தான் இருந்தான். மூச்சுகூட வாங்கலை.

— அப்புறம்?

— அப்போ கடைக்கு அஞ்சாறு பேர் வந்தாங்க. யாரோ பல்லிக் கதையைக் கேட்டாங்க. அந்தக் கதை அப்பதான் புதுசு. ஆரம்பிச்சேன். எல்லாரும் வாயைத் திறந்துக்கிட்டுக் கேட்டாங்க. நாலரைக்கு வீட்ல இருந்து போன் வந்துச்சு. கட் பண்ணினேன்.

— ஒரு தடவையா?

— நாலு தடவை. 'விண்ணப்பம் இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை'ன்னு அவளுக்கு மெசேஜ் வந்திருக்கு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டா. எனக்கும் தெரியும் அது பாக்கின்னு. மறந்துட்டேன்னு சொல்ல முடியாது. கண்ணுக்கு முன்னாடி பட்டன் இருந்துச்சு. கையை நீட்டினா போதும். ஆனா பல்லி அந்தரத்துல இருந்துச்சு. அது விழுற இடத்துல நிறுத்தினா கதை செத்துடும். விழட்டும், அப்புறம் அமுக்கலாம்னு நினைச்சேன். பல்லி விழுந்துச்சு, எல்லாரும் சிரிச்சாங்க. திரும்பினா மணி அஞ்சு நாலு. பட்டன் சாம்பல் நிறமாயிடுச்சு.

— அன்னைக்கு சாயங்காலம் நான் வந்தேன் அண்ணே. கையெல்லாம் சிமென்ட்டோட. 'போயிடுச்சா'ன்னு கேட்டேன்.

— கேட்டீங்க. 'போயிடுச்சு'ன்னேன். பழைய ஒப்புகைச் சீட்டு ஒண்ணு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. அதுல உங்க பேரை அடிச்சு, ஒரு விண்ணப்ப எண்ணைப் போட்டு, பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். நீங்க அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்க. மறுநாள் சொல்லிடலாம்னு இருந்தேன். மறுநாள் நீங்க வேலையை விட்டுட்டுப் படிக்கப் போறேன்னு வந்து சொன்னீங்க. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரலை.

— மூணு மாசம் படிச்சேன்.

— தெரியும்.

— நுழைவுச் சீட்டு வரலைன்னு கேட்டப்ப, 'உங்க பேருக்குக் கேட்லயே குடுப்பாங்க'ன்னு சொன்னீங்க.

— கேட்ல திருப்பி அனுப்புவாங்க, கோபத்துல வந்து என்னை நாலு அறை அறைவீங்க, அத்தோட தீந்துடும்னு நினைச்சேன். நீங்க வந்து அறையலை. 'சர்வர் சதி பண்ணிட்டான் அண்ணே'ன்னீங்க. பழைய கான்ட்ராக்டர்கிட்டயே போய்ப் பாதிச் சம்பளத்துக்குச் சேந்தீங்க. நான் பல்லிக் கதையைக் கொஞ்சம் பெருசாக்கினேன். இவ்வளவுதான். ஏம்மா, இருக்கியா?

— இருக்கேன்.

— சொல்லிட்டேன்.

— கேட்டேன். இதுல ஒரு இடத்துலகூட 'ஒரு சொல் கூட்டிச் சொல்லலை'ன்னு சொல்லலை. அப்போ உண்மைதான்.

— அந்தப் போலிச் சீட்டு விஷயம் இந்தக் கடைச் சுவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உனக்கு யாரு சொன்னது?

— அது அப்புறம். எழுதிக்கோங்க. ரெண்டு, எட்டு, பூஜ்யம்.

— இன்ஜினியரம்மா, ரெண்டு, எட்டு, பூஜ்யம்.

— அஞ்சு, அஞ்சு, ஒண்ணு.

— அஞ்சு, அஞ்சு, ஒண்ணு. அடிச்சீங்களா? நாலு அம்பது, இன்னும் எல்லாத்தையும் ஏத்தணும். ஏன் இன்ஜினியரம்மா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? திட்டணும்னா அஞ்சு மணிக்கு மேல திட்டுங்க, செருப்பால வேணா அடிங்க, இப்ப அந்த எண்ணை அடிங்க. நகருங்க, நான் அடிக்கிறேன். தயவுபண்ணி நகருங்க.

— அண்ணே, அந்தப் பிரிண்டர்ல ஒரு தாள் இருக்கு. எடுங்க.

— மார்க் ஷீட்டை இப்ப எதுக்கு…

— எடுத்து வாசிங்க.

— 'தங்கள் விண்ணப்பம் வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது. நேரம், நாலு முப்பத்தி மூணு.' இது எப்படி?

— எண் வந்த அஞ்சு நிமிஷத்துலயே உங்க வீட்டுக்காரம்மா எனக்கு அனுப்பிட்டாங்க. நீங்க கல்யாண வெள்ளத்துல நீந்திட்டிருந்தீங்க.

— அந்த டிங்?

— அதான்.

— கான்க்ரீட் வண்டி?

— அது காலையிலேயே வந்து போயிடுச்சு. நானும் ஒண்ணு கூட்டிச் சொன்னேன்.

— அப்போ இவ்வளவு நேரமும் ரெண்டு பேரும் சேர்ந்து என்னை… இவளுக்கு உங்க போன் நம்பர் எப்படித் தெரியும்? உங்களுக்கு இவளை எப்படித் தெரியும்? ஏம்மா, நீயாவது சொல்லு.

— அந்தப் பொண்ணு சொல்லும். அது சொல்ல வேண்டியது.

— ரெண்டு வருஷமா இந்தக் கடை வழியாத்தான் தினம் சைட்டுக்குப் போனேன் அண்ணே. தினம் நின்னு, 'சர்வர் எப்படி இருக்கான்'னு கேப்பேன். இன்னைக்காவது சொல்லுவீங்களான்னு.

— நீங்க வேடிக்கையாக் கேக்கிறீங்கன்னு நினைச்சேன்.

— இந்தாங்க, இது உங்க பழைய சீட்டு. பைல்லயே வெச்சிருக்கேன். கேட்ல இருந்த காவலாளி இதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. 'எல்லாச் சீட்டுலயும் பன்னெண்டு இலக்கம் இருக்கு, உன்னுதுல பத்துதான்மா இருக்கு'ன்னாரு. அவசரத்துல போட்டீங்களே ஒரு விண்ணப்ப எண், அதைக் கொஞ்சம் வாசிங்க.

— கண்ணாடி போடலை. ம். ஒன்பது, நாலு, நாலு, ஏழு, பூஜ்யம்…

— மீதி?

— ரெண்டு, ரெண்டு, எட்டு. ஆறு. மூணு.

— கேட்ல நின்னுக்கிட்டே அந்த நம்பருக்குத்தான் அண்ணே போன் போட்டேன், இப்ப அரை மணி நேரமா நீங்க பேசிட்டிருக்கிறதும் அதே நம்பர்லதான்.